ஆமென் சட்டம்

ஏழு ஆறுகள் வந்து கடலில் விழும் இடத்தில் கழிமுக நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதற்கு மன்னர் கிடையாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிமக்களே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, முதன்மையர் என்று பட்டம் சூட்டி, அடுத்த தேர்தல் வரை அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். மன்னர் இருந்த காலத்திலும் அண்ணாந்துதான் பார்த்தார்கள் என்பதால் கழுத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அந்த நாட்டின் தென்கோடியில், உப்பாற்றுக்குடி என்ற ஊரில், வேதக்கண் என்று ஒரு போதகர் இருந்தார். வயது ஐம்பத்தெட்டு. சிறிய ஆலயம், அதை ஒட்டி ஓட்டு வீடு, மனைவி கிருபாவதி. அவருக்கு இரண்டு கவலைகள். ஒன்று முழங்கால் வலி. மற்றது ஆற்று மதகு. கடல்நீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுக்கக் கட்டிய மதகு அது. அதன் பலகைகள் உளுத்து உடைந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கடல் ஏறும்போதெல்லாம் உப்பு உள்ளே வந்து, ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரிக்கத் தொடங்கின. கோயில் கிணறு, பள்ளிவாசல் கிணறு, ஆலயத்துக் கிணறு என்று உப்பு பேதம் பார்க்கவில்லை. கிருபாவதி சோற்றுக்கு உப்புப் போடுவதையே நிறுத்தியிருந்தாள். வேதக்கண் வட்ட அலுவலகத்தில் பதினோரு விண்ணப்பங்கள் கொடுத்திருந்தார். பதினொன்றிலும் ‘பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று முத்திரை விழுந்தது.

அந்த ஆண்டுத் தேர்தலில் புதிய முதன்மையர் நூலிழையில் வென்றார். கடலோரத்தில் சிலுவை நட்ட பன்னிரண்டு ஊர்கள் மொத்தமாக வாக்களித்ததால்தான் அவர் கரையேறினார் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அவர் எந்த மதத்தைச் சேர்ந்தவர் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. தேர்தலுக்குத் தேர்தல் அது மாறுபட்டது.

பதவியேற்புக்கு ஒரு வாரம் முன்பு, சடங்குத்துறைச் செயலர் மாசிலாமணி உப்பாற்றுக்குடிக்குக் காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, பட்டுக்கரை வேட்டி, மேடையில் பேசுவது போன்ற பேச்சு.

“பதவியேற்பு விழாவைக் கிறிஸ்தவ ஜெபத்துடன் தொடங்க முதன்மையர் திருவுளம் பற்றியிருக்கிறார்,” என்றார். “தலைநகரில் இரண்டு பெரிய ஆலயங்கள். எந்த ஆலயத்துக் குரு ஜெபிப்பது என்பதில் இரு தரப்புக்கும் வழக்கு. எனவே யாருக்கும் வேண்டாத ஒருவர் தேவைப்படுகிறார்.” ஒரு கணம் நிறுத்தி, “யாருக்கும் பகையில்லாத ஒருவர் என்று சொல்ல வந்தேன்,” என்று திருத்திக்கொண்டார்.

வேதக்கண் தயங்கினார். கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டிய காரியத்தை மேடையில் செய்வதா என்று அவருக்கு இருந்தது. கிருபாவதிதான் அடுக்களையிலிருந்து வந்து சொன்னாள்.

“போயிட்டு வாங்க. அவ்வளவு பெரிய ஆளு பக்கத்துல நிக்கப் போறிய. மதகு சங்கதிய ஒரு வார்த்தை காதுல போட்டிரலாம்லா.”

அவர் போனார். ஐம்பதாயிரம் பேர் முன்னால் கண்ணை மூடி, ஏழையின் குரல் இந்த ஆட்சியின் காதில் விழ வேண்டும் என்று மனதார ஜெபித்தார். கண்ணைத் திறந்தபோது முதன்மையரின் வலது கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் நின்றது. படம் எடுப்பவர்கள் எடுத்து முடிக்கும்வரை அது நின்றது.

மேடையை விட்டு இறங்கும்போது வேதக்கண் அவரை நெருங்கினார். “முதன்மையர் அவர்களே, எங்க ஊர் மதகு ஆறு வருசமா…”

முதன்மையர் அவருடைய இரு கைகளையும் பற்றிக்கொண்டார். “ஜெபத்தில் வையுங்கள் போதகரே. நானும் வைக்கிறேன்.”

கண்ணீர்த் துளி மறுநாள் நாட்டின் எல்லாச் சுவர்களிலும் ஒட்டப்பட்டது. அதற்கு மறுநாள் முதல் ஆணை வந்தது. இனிமேல் கழிமுக நாட்டில் எந்த அரசு நிகழ்ச்சியும், எந்த அரசு வேலையும், சட்டமன்றக் கூட்டமும், நீதிமன்ற அமர்வும், ஒரு கிறிஸ்தவ ஜெபத்துடன்தான் தொடங்கலாம். தென்பகுதி நிகழ்ச்சிகளுக்கு வேதக்கண் நியமிக்கப்பட்டார்.

உப்பாற்றுக்குடிச் சபையார் முதலில் பூரித்துப்போனார்கள். நம்ம ஐயாவை நாடே பார்க்குது என்றார்கள். விழாக்களில் அவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி கிடைத்தது. நாற்காலியைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்பது விளங்கச் சில மாதங்கள் பிடித்தன.

ஜெபம் மூன்றரை நிமிடத்துக்கு மிகக்கூடாது என்று விதி வந்தது. முதன்மையரின் பெயர் நான்கு முறைக்குக் குறையக்கூடாது. ஜெபத்தை முன்னதாகவே எழுதிச் சடங்குத்துறையில் ஒப்புதல் பெற வேண்டும். வேதக்கண் எழுதிக் கொடுத்த முதல் தாளை மாசிலாமணி சிவப்பு மையால் திருத்தித் தந்தார். ‘நீதி’ போயிருந்தது. ‘கூலி’ போயிருந்தது. ‘தாகம்’ என்ற சொல்லின் மேல் இரண்டு கோடுகள்.

“தாகமாயிருக்கிறவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்,” என்றார் மாசிலாமணி. “குடிநீர் பொதுப்பணித் துறையின் பொருள். ஜெபத்தில் அரசியலைக் கலக்க வேண்டாமே.”

“அது வேதத்துல உள்ள வார்த்தைங்கய்யா.”

“இருக்கலாம். அந்தக் காலத்தில் பொதுப்பணித் துறை இல்லை.”

வேதக்கண் பாலத்துக்கு ஜெபித்தார். எடைமேடைக்கு ஜெபித்தார். காவலருக்கு வந்த புதிய தடிகளுக்கு ஜெபித்தார். சிறைச்சாலையில் கட்டிய கூடுதல் கூடத்துக்கு, அது சீக்கிரம் நிறைய வேண்டும் என்று எழுதியிருந்ததை மட்டும் விழுங்கிவிட்டு ஜெபித்தார். ஒவ்வொரு முறையும் மதகைப் பற்றிச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரும் என்று நினைத்துப் போவார். முழங்கால் வலியோடு திரும்பி வருவார்.

ஒரு நாள் பிற்பகல் சொர்ணபுஷ்பத்தின் வீட்டுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். அவள் புருஷனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தது. உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று வைத்தியர் வாயால் சொன்னார், தாளில் எழுதித் தரவில்லை. வேதக்கண் படுத்திருந்தவரின் நெற்றியில் கைவைத்து ஜெபித்தார். நடுவில் அவருடைய நாக்கு, பழகிய தடத்தில் தானாக ஓடி, “எங்கள் மாண்புமிகு முதன்மையரையும் நீர் உயர்த்தி…” என்று சொல்லிவிட்டது.

அவர் நிறுத்தினார். சொர்ணபுஷ்பம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படுத்திருந்தவர்தான் மெல்ல, “பரவால்ல ஐயா, சொல்லி முடிங்க,” என்றார்.

இரண்டு நாள் கழித்து அவர் இறந்தார். வேதக்கண்ணுக்கு அதன் பிறகு வீட்டில் தனியாக முழங்காலிட்டாலும் வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தால் அந்தப் பெயர் வந்துவிடுமோ என்று பயம்.

இரண்டாவது ஆணை மழைக்காலத்தில் வந்தது. ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்று பொருள். எனவே ஜெப முடிவில் ஆமென் சொல்பவர், அதற்கு முன் சொல்லப்பட்ட, வாசிக்கப்பட்ட யாவற்றுக்கும் இசைவு தெரிவித்தவர் ஆகிறார். பெரும்பான்மையோர் ஆமென் சொன்னால் அது சட்டம். ஜெபத்தின் நடுவே கண் திறப்பதும், குறுக்கே பேசுவதும் தண்டனைக்குரிய குற்றம்.

அது முதல், போதகர் ஜெபத்தை நிறுத்துவதற்கும் கூட்டம் ஆமென் சொல்வதற்கும் இடைப்பட்ட நேரத்தில் முதன்மையர் எழுந்து சில தாள்களை வாசிக்கத் தொடங்கினார். உப்பாற்றின் கரை முழுவதையும் முப்பது ஆண்டுக்கு இறால் பண்ணைக் கழகத்துக்குக் குத்தகை விடும் தாள் அப்படித்தான் வாசிக்கப்பட்டது. பள்ளிக்கூடத் திறப்பு விழா அது. கூட்டம் பழக்கத்தில் ஆமென் என்றது. சட்டமன்றத்தில் எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவர் எழுந்து, இதை விவாதிக்க வேண்டாமா என்று கேட்டார். அவைத்தலைவர் ஏட்டைப் புரட்டிவிட்டு, “மாண்புமிகு உறுப்பினர் ஆமென் சொன்னது பதிவாகியிருக்கிறது. தெளிவான குரலில்,” என்றார்.

வாயைத் திறக்காதவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பெயரைக் குறித்துக்கொள்ள ஆள் போட்டார்கள். குறித்துக்கொள்ள வந்தவர்கள் மட்டும் கண்ணை மூட வேண்டியதில்லையாம். பட்டியலில் பெயர் ஏறிய தெருக்களுக்குத் தண்ணீர் லாரி வாரத்துக்கு ஒருமுறைதான் வந்தது. உப்பாற்றுக்குடியில் அந்தப் பட்டியலில் முதலில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் சுடலையாண்டி, ஆற்றங்கரையில் கோரை அறுத்துப் பிழைத்தவர். இப்போது அவருக்குக் கரையே இல்லை. மற்றவர் மீரான், படகு கட்டும் தச்சர்.

லாரிக்குக் காத்திருந்த வரிசையில் சுடலையாண்டி வேதக்கண்ணிடம் நேராகவே சொன்னார்.

“ஐயா, ஒம்ம சாமி மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எங்க ஆத்தா பிரசவத்துக்கு ஒம்ம கோயில் ஆஸ்பத்திரிலதான் கெடந்தா. ஆனா ஒம்ம ஆமென்லதான் எங்க ஆத்தங்கரை போச்சு.”

மீரான் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, “விடும். அவர் மட்டும் என்ன இளநியா குடிக்கார்? அதே உப்புத்தான்,” என்றார்.

மூன்றாவது ஆணையை மாசிலாமணி மிகவும் ரசித்து எழுதியதாகச் சொல்வார்கள். ‘விண்ணப்பம் என்னும் சொல் குடிமக்கள் அரசுக்கு எழுதும் மனுவையும் குறிக்கிறது, ஆண்டவரிடம் செய்யும் ஜெபத்தையும் குறிக்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு இடம் வைத்திருப்பது வீண். மேலும், உயர்ந்த அதிகாரி இருக்கையில் தாழ்ந்த அதிகாரியிடம் விண்ணப்பிப்பது முறையன்று.’ நாடெங்கும் விண்ணப்பப் பிரிவுகள் மூடப்பட்டன. வட்ட அலுவலகத்தில் மேசைகளை அகற்றிவிட்டு, முழங்காலிட ஒரு பாய் விரித்து வைத்தார்கள்.

மறுநாள் காலையிலிருந்தே வேதக்கண் வீட்டு வாசலில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அரசு ஜெபம் அவர் வாயில் இருக்கிறது, ஆகவே தாளை அவரிடம் கொடுக்க வேண்டும் என்று ஊர்களில் பேச்சு. முதியோர் உதவி நின்றுபோன கிழவர்கள், காவலர் பிடித்துச் சென்ற மகனைத் தேடுகிறவர்கள், பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி வந்தவர்கள். திருநீறு பூசியவர்கள், தொப்பி போட்டவர்கள், சிலுவை போட்டவர்கள். கிருபாவதி தாள்களை வாங்கி அரிசிச் சாக்கில் போட்டு வைத்தாள். சொர்ணபுஷ்பமும் ஒரு தாளோடு வந்தாள். அதில் ஒரே வரி: ‘மதகை அடைத்துத் தாருங்கள்.’ புருஷன் பெயரே இல்லை.

“அவரப் பத்தி எழுதலயாம்மா?” என்று கேட்டார் வேதக்கண்.

“அவர் போயாச்சு ஐயா. இருக்கிறவங்க குடிக்கணும்லா.”

நான்காவது ஆண்டில், உடைந்த மதகுக்கு அரசு தன் கவனத்தைத் திருப்பியது. மதகுக்கு மேலே நூறு அடி உயரத்தில் ஒரு ஜெப வளைவு கட்டப்பட்டது. வளைவின் கால்களை ஊன்றுவதற்காக மதகில் மிச்சமிருந்த நான்கு பலகைகளையும் பிடுங்கி எறிந்தார்கள். திறப்பு விழாவுக்கு முதன்மையரே வந்தார். கரை முழுக்கக் கூட்டம். மாசிலாமணி ஒப்புதல் முத்திரையிட்ட தாளை வேதக்கண்ணிடம் கொடுத்தார்.

வேதக்கண் மேடையேறினார். எல்லாரையும் கண்களை மூடச் சொன்னார். சட்டம் அது, எல்லாரும் மூடினார்கள். அவர் கையிலிருந்த தாளை மடித்து அங்கிப் பைக்குள் வைத்தார். துணிச்சலாக ஏதோ செய்யப்போகிறோம் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. மிகவும் களைப்பாக இருந்தது. பொய் சொல்வதற்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

“ஆண்டவரே,” என்றார். “கோரை அறுக்கிற சுடலையாண்டிக்கு ஆத்தங்கரை திரும்ப வேணும். வடக்குத் தெரு முத்தம்மைக்கு ரெண்டு வருசமா உதவிப் பணம் வரல. கீழூர் அபூபக்கர் மகனைப் போன சித்திரையில பிடிச்சிட்டுப் போனாங்க, எங்க வச்சிருக்காங்கன்னு சொல்லணும்…”

சாக்கில் இருந்த பெயர்களை நினைவிலிருந்தே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். மூன்றரை நிமிடம் கடந்தது. மாசிலாமணி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். குறுக்கே பேசினால் குற்றம் என்ற பிரிவை எழுதியவர் அவரே என்பதால் மறுபடி மூடிக்கொண்டார்.

“இந்த மதகு ஒரு மாசத்துக்குள்ள அடைபட வேணும். இந்த ஊர் தண்ணி குடிக்க வேணும்,” என்று முடித்தார் வேதக்கண்.

கூட்டம் ஆமென் என்றது. சுடலையாண்டியும் மீரானும் முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னார்கள். முதன்மையர் வழக்கம்போலப் பாதித் தூக்கத்தில் இருந்தார். ஒலிவாங்கி அவர் வாயருகே இருந்ததால் அவருடைய ஆமென்தான் எல்லாவற்றிலும் கணீரென்று கேட்டது.

ஆக, அது சட்டமாகிவிட்டது. சட்டத்துறை மூன்று வாரம் கூடிக் கூடி ஆராய்ந்தது. ரத்து செய்தால் இதுவரை ஆமெனால் வந்த குத்தகைகள் எல்லாமே ஆட்டம் காணும். கடைசியில் ஒரு கருத்துரை வெளியிட்டார்கள்: ‘சட்டம் செல்லும். ஆயினும் விண்ணப்பம் அரசை நோக்கிச் செய்யப்படவில்லை. ஆண்டவரை நோக்கிச் செய்யப்பட்டது. எனவே நிறைவேற்றும் அதிகாரி அவரே. அவர் பணி தொடங்கும்வரை வேறு எவரும் மதகில் கைவைப்பது, உரிய அதிகாரியின் வேலையில் தலையிடுவதாகும்.’

ஒரு மாதம் கழிந்தது. உப்பாற்றுக்குடியில் அதற்கு மேல் யாரும் காத்திருக்கவில்லை. மீரான் பழைய படகுகளை உடைத்துப் பலகை அறுத்தார். கடல் வற்றும் பகல் நேரமாகப் பார்த்து மூன்று நாள் ஊரே ஆற்றில் இறங்கிக் களிமண்ணும் மணல் மூட்டையும் சுமந்தது. வேதக்கண்ணை முழங்காலைக் காட்டிக் கரையில் உட்காரச் சொன்னார்கள். அவர் கேட்காமல் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பலகையைப் பிடித்துக்கொண்டார். நான்காம் நாள் காவலர் வந்து, வேதக்கண், சுடலையாண்டி, மீரான், சொர்ணபுஷ்பம் நால்வரையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வழக்கு எடுக்கப்பட்ட அன்று நீதிமன்றம் நிறைந்திருந்தது. நீதிபதி அமர்ந்தார். அமர்வு ஜெபத்துடன் தொடங்க வேண்டும். தென்பகுதிக்கு நியமிக்கப்பட்ட போதகர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்.

“நீங்கள் அங்கிருந்தே ஜெபித்தாலும் போதுமானது,” என்றார் நீதிபதி, மரியாதையாகவே.

“முடியாதுங்கய்யா,” என்றார் வேதக்கண்.

“உடம்புக்கு முடியவில்லையா?”

“இல்லங்கய்யா. இனிமே முடியாது.”

வேறு போதகர்களுக்கு ஆள் விட்டார்கள். விசித்திரமாக, அந்த வாரம் கடலோரத்துப் போதகர்கள் அத்தனை பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது. நீதிமன்றம் தொடங்க முடியவில்லை. சட்டமன்றம் தொடங்க முடியவில்லை. இரண்டு பாலங்கள் திறக்கப்படாமல் நின்றன. மக்கள் அவற்றின் மேல் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

எட்டாம் நாள் மாசிலாமணி நீதிமன்றத்துக்கு ஓர் ஒலிப்பெட்டியோடு வந்தார். நாடகங்களில் ராஜா வேடம் கட்டும் ஒருவரைக் கொண்டு ஜெபத்தைப் பதிவு செய்திருந்தார்கள். குரல் அருமையாக இருந்தது. வேதக்கண்ணுக்கே அது தம்முடைய ஜெபத்தைவிட உருக்கமாகத் தோன்றியது. முதன்மையரின் பெயர் நான்கு முறை வந்து, ஜெபம் முடிந்தது. எல்லாரும் ஆமெனுக்குக் காத்திருந்தார்கள்.

யாரும் சொல்லவில்லை. சபையார் சொல்லவில்லை, மற்றவர்களும் சொல்லவில்லை. கிருபாவதி முன்வரிசையில் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாசிலாமணி மட்டும் தனியாக ஆமென் என்று சொல்லிவிட்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார். பெரும்பான்மை இல்லாததால் அமர்வு தள்ளிவைக்கப்பட்டது.

அடுத்த வாரம் வந்த ஒலிப்பெட்டியில் ஆமெனும் பதிவாகியிருந்தது. பல்லாயிரம் குரல்கள், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக, ஒரே மூச்சில். நீதிபதி தலையசைத்தார். நால்வருக்கும் மூன்று மாதச் சிறை. பலகைகளை அகற்ற உத்தரவு. அன்று முதல் கழிமுக நாட்டில் எந்தச் சட்டத்துக்கும் மக்கள் வாயைத் திறக்க வேண்டிய சிரமம் இல்லாமல் போயிற்று. சிறிது காலத்தில் விழாக்களுக்கு அவர்களை அழைப்பதும் நின்றது.

வேதக்கண் ஜெபித்துத் திறந்து வைத்த சிறைக் கூடத்திலேயே அவரை வைத்தார்கள். அங்கே யாரும் அவரை ஜெபிக்கச் சொல்லவில்லை. அதனால் சில நாட்களில் அவருக்கு ஜெபிக்க முடிந்தது, சுவரைப் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல்.

இரண்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கிருபாவதி பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். அவர் கேட்டார்.

“பலகையைப் பிடுங்கிட்டாவளா?”

“இன்னும் இல்ல. அரசு வேலைன்னா ஒரு விழா வச்சுத்தான் தொடங்கணும்னு சட்டமாம். விழாவுக்கு முதன்மையர் வரணுமாம். அவர் இன்னும் தேதி குடுக்கலயாம்.”

“எப்பக் குடுப்பாராம்?”

“தேர்தல் வருதுல்லா. வடக்க கோயில் ஊருகளா பாத்துச் சுத்திக்கிட்டு இருக்காராம், நெத்தி நெறயத் திருநீறோட. இந்தப் பக்கம் திரும்பிப் பாக்க நேரமில்ல.”

வேதக்கண் கம்பிக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு, “தண்ணி எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“கரிக்கத்தான் செய்யுது,” என்றாள் கிருபாவதி. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: “ஆனா போன ஞாயித்துக்கிழமையில இருந்து சோத்துக்கு உப்புப் போட வேண்டியிருக்கு.”